அப்பச்சன் பேருக்கு ஒரு பூட்டு

"அம்மச்சி, ஓடி வாங்க! உங்க மருமக பண்ணி வெச்சிருக்கிற காரியத்தை வந்து பாருங்க!"

அனீட்டா போட்ட கூச்சலில், கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அம்மா த்ரேஸ்யா கத்தியோடு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் திரையில் நாலு பெயர்கள். டோமி, பின்ஸி, அனீட்டா, பைலி.

"இதுக்கு என்னடி?"

"நேத்து வரைக்கும் ஸ்விட்சைப் போட்டா நேரா உள்ள போயிடலாம். இப்ப நீ யாருன்னு கேக்குது. அவங்கவங்க பேரைத் தொட்டு, பாஸ்வேர்டு போட்டாத்தான் திறக்குமாம். ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் எட்டிப் பார்க்க முடியாது. எல்லாம் பின்ஸி சேச்சி வேலை!"

த்ரேஸ்யா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "என் பேரைக் காணோமே?"

"நீங்க என்னிக்கு இதைத் தொட்டிருக்கீங்க?"

"தொட மாட்டேன். அதுக்காகப் பேரைக்கூடப் போட மாட்டாளா?"

பின்ஸி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றாள். பாலா டவுனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ்.

"தனித்தனியா இருந்தா எல்லாருக்கும் சௌகரியம்தானே? உன் பாட்டு, போட்டோ எல்லாம் உன் பேருக்குள்ள பத்திரமா இருக்கு அனீட்டா."

"என்னுது இருக்கட்டும். அப்பச்சன் பேருக்கு எதுக்குப் பூட்டு? அவர்கிட்ட என்ன ரகசியம்?"

பின்ஸி சிரித்தாள். குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

அனீட்டாவின் அப்பா பைலிக்குப் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுபோயிருந்தது. டாக்டர் சொன்ன பயிற்சி எதையும் செய்ய மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து மழையைத் திட்டுவார். அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்க பின்ஸி ஒருத்தியால்தான் முடிந்தது.

அதனால்தான் சந்தேகம் கிளம்பியது.

"அயர்லாந்துக்கு வேலைக்கு அப்ளிகேஷன் போடறா அம்மச்சி. நம்ம கண்ணுல படக் கூடாதுன்னு அப்பச்சன் பேருக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா. அவ கூட வேலை பார்த்த மூணு பேரும் போயாச்சே!"

"என் டோமியைத் தவிக்க விட்டுட்டா?" த்ரேஸ்யா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாசக் கடைசியில் அண்ணன் டோமி பெங்களூரிலிருந்து வந்தான். சட்டை மாற்றுவதற்குள் சாப்பாட்டு மேஜையில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

"அப்பச்சனோட பாஸ்வேர்டைத்தான் சொல்லிடேன், பின்ஸி," என்றான் டோமி.

"வேண்டாம் இச்சாயா."

"ஏன்?"

"சொன்னா அனீட்டாவுக்கும் தெரிஞ்சிடும்."

"கேட்டீங்களா சேட்டாயி! இந்த வீட்டுல நான்தான் கள்ளி!" அனீட்டா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பின்ஸி வறுத்திருந்த கரிமீன் அப்படியே ஆறிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அப்பச்சனைத் தவிர எல்லாரும் சர்ச்சில் குர்பானாவுக்குப் போனார்கள். தலைவலி என்று அனீட்டா தங்கிவிட்டாள். ஆட்டோ சத்தம் ஓய்ந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பைலி என்ற பெயரைத் தொட்டாள். வீட்டுப் பேர், மாட்டின் பேர், மாதா பேர், எதைப் போட்டாலும் திறக்கவில்லை.

"தள்ளு."

திரும்பினால் அப்பச்சன்.

உட்கார்ந்தார். வலது கைச் சுட்டுவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். திறந்துகொண்டது.

"அப்பச்சா! இந்தக் கையால எழுத்தெல்லாம் தட்டறீங்களா?"

"தட்ட ஆரம்பிச்சு நாளாச்சு. நீ எங்க என்னைப் பார்த்தே? பூட்டைத்தானே பார்த்துட்டிருந்தே."

உள்ளே அயர்லாந்தும் இல்லை, அப்ளிகேஷனும் இல்லை. ஒரே ஒரு விளையாட்டு. கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் குண்டில் படாமல் மற்றதையெல்லாம் திறக்க வேண்டும். வேகமாக முடிப்பவர் பேர் முதலில் நிற்கும்.

"இதுக்கா பூட்டு?"

"அன்னிக்கு இதுல நான் முதல்ல வந்தேன், மோளே. இந்தச் செத்த கையால! பின்ஸி கை தட்டினா. சாயங்காலம் நீ காலேஜ்லேர்ந்து வந்தே. காப்பி ஆறறதுக்குள்ள ஆடி முடிச்சே. என் பேர் போய் உன் பேர் ஏறிடுச்சு."

"நான்... நான் அதைக் கவனிக்கவே இல்லை அப்பச்சா."

"நீ என்ன பண்ணுவே? நான்தான் இனி இந்தக் கை தேறாதுன்னு மௌஸைத் தூக்கிப் போட்டுட்டேன். அவ ஒரு வார்த்தை சொல்லலை. மறுநாளே ஆளுக்கு ஒரு இடம் பிரிச்சுட்டா. இப்ப ஆடிப் பாருங்க அப்பச்சான்னா. ஆடினேன். முதல் இடம்!"

'அனீட்டாவுக்கும் தெரிஞ்சிடும்' என்று பின்ஸி சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இங்க உங்களோட போட்டி போட யாருமே இல்லைன்னு... உங்களுக்குத் தெரியுமா?"

அப்பச்சன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வாலிபத்துல வாலிபால் ஆடினவன்டி நான். வலைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? ஆனா தினமும் டியூட்டி முடிஞ்சு வந்து, 'இன்னிக்கும் நீங்கதானா அப்பச்சா?'ன்னு கேக்கறப்ப அவ முகத்தைப் பார்க்கணுமே! அதுக்காகத்தான் இந்த விரலை மடக்கறேன்."

வாசலில் ஆட்டோ சத்தம்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விடாதே!"

உள்ளே வந்த பின்ஸி, திறந்திருந்த திரையையும் பக்கத்தில் நின்ற அனீட்டாவையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அனீட்டா... நீ ஆடினியா?"

"ஆடினேன் சேச்சி. எத்தனை தடவை ஆடினாலும் அப்பச்சன் பக்கத்துலகூடப் போக முடியலை!"