யாருக்கும் வேண்டாத அறை

"எங்க சட்ட ஃபேக்கல்ட்டியோட ஒரு எழுத்துகூட அந்தப் பொது சர்வர் அறைக்குப் போகாது. நான் டீனா இருக்கற வரைக்கும் போகாது" என்றார் டாக்டர் குவால்பெர்த்தோ அரான்சிபியா. எதிரே பாதி இடத்தை அடைத்து உட்கார்ந்திருந்த மாணவர் பிரதிநிதிகள் மேஜையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

மேஜையின் கடைக்கோடியில் டெல்ஃபினா சோக்கே உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் கோகா இலைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அந்தச் சர்வர் அறை அவள் கட்டியது. சட்டம், மருத்துவம் என்று ஆறு புலங்களும் ஆளுக்கொரு ஒழுகும் அறையில் பழைய சர்வர்களை வைத்துப் பூட்டிக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் அது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடம், நல்ல குளிர்பதனம், தடையில்லாத மின்சாரம் என்று நான்கு வருடம் முன்பு அவள்தான் ஏற்பாடு செய்தாள்.

ஒரு டீன்கூடச் சேரவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் ஓட்டுப் போட்டுத்தான் டீன் ஆக முடியும். சர்வரைப் பொதுவில் கொடுத்தவர் தன் புலத்தையே பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரிடம் விற்றவர் என்று மறுநாளே சுவரில் எழுதிவிடுவார்கள்.

"மருத்துவமும் அதேதான் சொல்லுது" என்றார் அந்தப் புலத்தின் டீன் மிர்த்தா சென்தேனோ. "நோயாளிங்க விவரத்தைக் கொண்டுபோய் ஊர்ப் பொதுவுல வெக்கறதா?" மற்ற நான்கு டீன்களும் தலையாட்டினார்கள்.

ரெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருஷத்துல கையெழுத்துப் போட்ட ஃபேக்கல்ட்டி எத்தனை, இன்ஜினியரம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க, ரெக்டர்."

"அப்புறம் போன வருஷத்தைவிட மூணு மடங்கு கரண்ட் அங்க எப்படி ஓடுது? யாருக்காக ஓடுது?"

ஆறு டீன்களும் தங்கள் முன்னாலிருந்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். டெல்ஃபினா பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"நான் சொல்லக்கூடிய பேரு எதுவும் இல்லைங்க."

"ஆளில்லாத வீட்டுக்கு விளக்குப் போட்டு வெச்சிருக்காங்க" என்றார் அரான்சிபியா. மேஜையைச் சுற்றிச் சிரிப்பு ஓடியது. டெல்ஃபினாவின் காதுகள் சிவந்துபோயின.

அறையை மூடிவிடலாம் என்ற தீர்மானத்துக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. வெள்ளிக்கிழமை மதியம் அறையின் மின்சாரம் துண்டிக்கப்படும். பல்கலைக்கழக நடன ஊர்வலத்தின் முகமூடிகளும் உடைகளும் வைக்க இடமில்லாமல் இருந்ததால், அறை அவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. டெல்ஃபினாவுக்கு நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை. அவளோடு நான்கு வருடம் உழைத்த டெக்னீஷியன் சபினோவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி அவள் எழுந்தாள்.

வெளியே போகும்போது டீன்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். துக்க வீட்டில் கொடுப்பதுபோல அவள் கையைப் பிடித்து, காதோரம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

அரான்சிபியா மட்டும் அறை காலியாகும்வரை காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா. நவம்பர்ல தேர்தல். உங்களுக்கே தெரியும்."

"தெரியும், டாக்டர்."

அவர் குரல் இறங்கியது. "பிப்ரவரி மழையில எங்க சர்வர் எரிஞ்சு போனப்ப நீங்கதான் கை குடுத்தீங்க. பதினோரு வருஷத்து மார்க், பட்டம், எல்லாம் உங்க அறையிலதான் ஓடுது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்க, இன்னிக்கு ரெக்டரே கேட்டும் வாயத் திறக்கல. இதை நான் மறக்க மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம் நின்னுடும். நீங்களும்தானே கை தூக்கினீங்க."

"தூக்காம என்ன பண்றது? மத்த அஞ்சு பேரும் சொந்த சர்வர் வெச்சிருக்காங்க. நான் ஒருத்தன் மட்டும் பொதுவுல போய் ஒண்டிக்கிட்டேன்னு தெரிஞ்சா, இந்த ஊர்ல நான் தலை காட்ட முடியுமா?"

டெல்ஃபினா மேஜையில் கிடந்த தன் காகிதங்களை அடுக்கினாள்.

"எங்களுக்கு மட்டும் ஒரு மூலையில ஓட விடுங்க. ஒரே ஒரு ஃபேக்கல்ட்டி. அந்த முகமூடிக்கெல்லாம் பின்னால ஒரு பெட்டி ஓடுதுன்னு எவன் கண்டான்?"

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் மற்ற ஐந்து டீன்களும் உள்ளே இறைச்சிக் குழம்பு அடைத்த சால்தேன்யா பணியாரம் தின்றுகொண்டிருந்தார்கள். சாறு சட்டையில் சொட்டாமலிருக்க எல்லோரும் ஒரே மாதிரி முன்னால் குனிந்திருந்தார்கள். டெல்ஃபினா சற்று நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்கம்மா" என்றார் அரான்சிபியா.

டெல்ஃபினா தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இன்னிக்கு இதையே கேட்ட ஆறாவது டீன் நீங்க, டாக்டர்."