மணமகள் பெயர் வரிசை

வட்டார வரலாற்றுக் கழக நூலகத்துக்கு மரகதவல்லி வருவது இது நான்காவது முறை. அம்மாவுக்கு முன் அப்பாவுக்கு ஒரு மனைவி இருந்து செத்துப்போனாள் என்பதே அப்பாவின் காரியத்தன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டால் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

நூலகர் தனுஷ்கோடி விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார். "பழைய கல்யாணப் பத்திரிகையெல்லாம் பொண்ணு பேரு வரிசையிலதான் அடுக்கியிருக்கு. பேரு இல்லாம எப்படிம்மா எடுக்கிறது?"

"அந்தப் பேரத் தெரிஞ்சுக்கத்தான் சார் நாலு தடவையா அலையுறேன்."

"அதுக்கு நான் என்ன பண்றது? கட்டத்த காலியா விட்டா வாங்கமாட்டேன். எதையாவது எழுதுங்க."

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தாள் கிழியும்படி அழுத்தித் தன் பெயரையே எழுதி நீட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கட்டோடு வந்தார்.

மூன்றாவது பத்திரிகையில் மணமகன் திருவேங்கடம், அவளுடைய அப்பா. ஊரும் தாத்தாவின் பெயரும் சரியாக இருந்தன. மணமகள் மரகதவல்லி. அவள் பிறப்பதற்கு ஆறு வருடங்களுக்கு முந்தைய தேதி.

கைப்பேசி அடித்தது.

"பாப்பா, சாப்ட்டியா?" என்றாள் அம்மா. நாற்பத்தேழு வயது மகளை அவள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவ என்னப் பேர் சொல்லிக் கூப்பிடேன்."

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அம்மா போனை வைக்கவில்லை.