திருகாத மூடி

"ஊரெல்லாம் திருகு மூடி இருக்கே! இந்த அழுத்து மூடிக்கு எதுக்குய்யா பேடண்ட்?"

சிதம்பரம் மேலவீதி வக்கீல் நடனசபாபதி, நீல பிளாஸ்டிக் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்த தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"அழுத்தினா கவ்விக்கும் சார். ஓரத்து நாக்கைக் கட்டை விரலால தூக்கினா தொறந்துக்கும்," என்றான் பஞ்சநாதன். கடலூரில் பிளாஸ்டிக் டப்பா வார்க்கும் சின்னப் பட்டறை அவனுடையது. இந்த ஒரு மூடிக்காக மூன்று வருஷம் தூக்கத்தைத் தொலைத்திருந்தான்.

"புதுசா இருந்தா மட்டும் போதாதுய்யா. இதனால என்ன பிரயோஜனம்னு கல்கத்தா பேடண்ட் ஆபீஸ்ல கேப்பாங்க. திருகு மூடியில என்ன குறை கண்டே?"

பஞ்சநாதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி லோகநாயகியை ஓரக்கண்ணால் பார்த்தான். பதில் அவனிடம் இருந்தது. ஆனால் அதை வெளியே சொல்லமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தான். நல்ல காரியத்துக்கு நீ வராமலா என்று அவளைக் கட்டாயப்படுத்தி அழைத்து வந்தவனும் அவன்தான்.

வக்கீல் வணக்கம் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காபி வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். காபி என்றால் அவளுக்கு உயிர். முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்த அவளைக் கர்வக்காரி என்று வக்கீல் நினைப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பஞ்சநாதனுக்கு மனசு வலித்தது.

"ரெண்டு திருகு திருகிறதுல யாருக்குய்யா கஷ்டம்?" வக்கீல் சிரித்தார்.

லோகநாயகியின் தலை கவிழ்ந்தது. அவ்வளவுதான். பேடண்டாவது ஒண்ணாவது!

"விடுங்க சார். எழுந்திரு லோகா, பஸ்ஸுக்குப் போவலாம்."

"இருங்க," என்றாள் அவள். மேஜைமேல் இருந்த இங்க் புட்டியைப் பார்த்தாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தத் திருகு மூடிய ஒரே கையால தொறங்க, பாப்போம்."

வக்கீல் திருகினார். மூடியோடு புட்டியும் சேர்ந்து சுற்றியது.

"அதெப்படிம்மா முடியும்? இன்னொரு கையால புட்டியைப் புடிச்சுக்க வேணாமா?"

"அதான் ஐயா அதுல குறை. எழுதிக்குங்க."

இடது கட்டை விரலால் நீல டப்பாவை டக்கென்று திறந்துவிட்டு, லோகநாயகி முந்தானையை விலக்கினாள். முழங்கைக்குக் கீழே அவளுக்கு வலது கை இல்லை.