தலைப்பாகை

மைசூர் மண்டப மேடையில் மாதம்மா கணவரின் படத்தை நெஞ்சோடு பிடித்து நிற்கிறாள். டெல்லியில் ஒரு தூதரக வாசலைக் காவல் காத்தபோது சுடப்பட்டு இறந்த போலீஸ்காரர். விழா நடத்தும் சங்கத்தின் செயலாளர், மரியாதைக்கு அணிவிக்கும் மைசூர் ஜரிகைத் தலைப்பாகையைப் படத்தின்மேல் வைக்கிறார். அது வழுக்கி இறந்தவரின் முகத்தை மூடுகிறது. மறுபடி வைக்கிறார், மறுபடியும் மூடுகிறது. சந்தனமும் வியர்வையும் கலந்த வாடை அடிக்கிறது. "பேகா, பேகா! சீக்கிரம் சார், ஃபிலிம் ரோல் முடியப்போகுது" என்கிறார் போட்டோக்காரர். செயலாளர் தலைப்பாகையை உருவி, பக்கத்தில் இளித்து நிற்கும் கவுன்சிலரின் தலையில் கவிழ்க்கிறார். ஃப்ளாஷ் வெட்டுகிறது, கைதட்டல். "அது எங்க வூட்டுக்காரருக்குத்தானுங்களே?" என்கிறாள் மாதம்மா. "படத்து மேல நிக்கலியேம்மா, என்ன பண்றது?" என்கிறார் செயலாளர். " சாருக்கு எப்படிக் கச்சிதமா இருக்கு பாருங்க!" கவுன்சிலர் குனிந்து, அவள் பிடித்திருக்கும் படத்தின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்கிறார்.