கடைசி வரி

“ஏங்க, நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் திறக்க மாட்டேங்குது. தப்பான ஃபைல்னு காட்டுது.”

பக்கத்து அறையில் வேலையாயிருந்த கணவன் எழுந்து வந்து, அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“படத்துக்குள்ள இருக்கிற புரோகிராம் கோட் வரிகள்ல கடைசி வரியை மறுபடியும் காணோம். தினமும் யானை போயிடுது, வால் மாட்டிக்குது உனக்கு.”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. டீ போடட்டுமா?”

“வேலை தலைக்கு மேல கிடக்கு. வேற சாஃப்ட்வேர் போட்டுத் தரேன். அந்த வரி இல்லாட்டியும் அதுவே சரிபண்ணித் திறந்துடும். நீ என்னைக் கூப்பிடவே வேண்டாம்.”

“நல்லதுங்க.”

மறுநாள் மாலை படத்தை வரைந்து முடித்ததும், வழக்கம்போல் அதன் கடைசி வரியை அழித்துவிட்டுத் திறந்து பார்த்தாள்.

படம் பளிச்சென்று திறந்தது. பக்கத்து அறைக் கதவு சாத்தியே இருந்தது.