நெப்டியூனின் நிறம்

"ரெண்டும் ஒரே கலரு. நீங்களே பாருங்க." செந்தில்வேல் அந்தச் சின்ன டி-ஷர்ட்டை மேசைமேல் விரித்தார்.

நெஞ்சில் எட்டுக் கோள்கள். கடைசி இரண்டும், யுரேனஸும் நெப்டியூனும், ஒரே வெளிர் நீலம். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பிய ஷேடு கார்டில் நெப்டியூனுக்கு ஒட்டியிருந்த மாதிரி நிறம் கருநீலம்.

மாலைக்குள் நான்காயிரம் பீஸ் அடித்து முடிந்துவிட்டது. பையரின் இன்ஸ்பெக்டர் மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்துவிட்டு இப்போதுதான் கிளம்பிப் போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி செந்தில்வேல். இந்தப் பக்கம் கலர் கலக்கும் நஜீமுதீன் பாய். பதினெட்டு வருடமாக இதே பிரிண்டிங் யூனிட். அவர் பக்கத்தில், ஆபீசிலிருந்து ஷேடு கார்டு கொண்டுவந்து தரும் நான்.

"ஏனுங்க பாய், வானத்தைப் பாத்துட்டே கலக்குனீங்களா?"

பாய் தரையைப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நெப்டியூன் நெசமாவே இந்தக் கலருதானுங்க. பழைய போட்டோவுல நீலத்தை ஏத்திக் காட்டிட்டாங்க. அதையே எல்லாரும் நம்பிட்டு இருக்கறாங்க."

"நெப்டியூன்காரனா அம்மணி நமக்கு ஆர்டர் குடுத்தான்?"

பீஸ் மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். செந்தில்வேல் சிரிக்கவில்லை.

"பாய், நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க."

எங்கள் ஊரில் ஒருவரைத் துரத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள்.

"என் தப்புதானுங்க" என்றார் பாய். "கார்டைச் சரியாப் பாக்கலீங்க."

பொய். கார்டைப் பார்க்காமல் அவர் ஒரு டப்பாவின் மூடியைக்கூடத் திறந்ததில்லை.

நான் பாயின் பக்கம் திரும்பினேன்.

"பாய், அந்தச் சீட்டை எடுங்க."

செந்தில்வேல் நிமிர்ந்தார். "என்ன சீட்டு?"

பாயின் உள்ளங்கை சட்டைப் பையின் மேல் அழுந்தியது. நகக்கண்ணில் வெளிர் நீலம்.

"எந்தச் சீட்டு அம்மணி?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

காலையில் கார்டோடு சேர்த்து நான் பின் அடித்துக் கொடுத்த சீட்டு. வாங்கும்போது பாய், "படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

'கார்டில் உள்ளது தவறு. நெப்டியூனுக்கும் யுரேனஸ் ஷேடே போடவும்.'

கீழே என் கையெழுத்து. அதன் பக்கத்தில், எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் தன் பெயருக்குப் பின்னால் எழுதியிராத எழுத்துகள்: எம்.எஸ்சி., இயற்பியல்.