நேரம் பார்த்தவன்

கல்லூரிப் பேருந்து ராஜபாளையத்தைத் தாண்டியது.

அறுபத்திரண்டுக்கு அறுபத்தொன்று. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை போய்விட்டது.

கூடைப்பந்து அணிக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். அவர்களுக்காகக் கத்தினவர்கள் பின்னால். காலையில் வழியெல்லாம் அடித்துக்கொண்டு வந்த மேளம் இப்போது கடைசி இருக்கைக்கு அடியில் உருண்டு உருண்டு இடித்தது.

ரியாஸ் ஏறியபோது கௌதம்ராஜுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அது ரியாஸின் இடம்தான். சற்று நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கௌதம் தலையில் துண்டைப் போட்டுக் குனிந்திருந்தான்.

ரியாஸ் நடுவில் போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தான்.

பின்னால் இருந்தவர்கள், தங்களோடு கத்த வந்த அனுசியா கைபேசியில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கடைசி நான்கு வினாடி. வலது மூலையில் கௌதம் பந்தை வாங்குகிறான். ஒரு தட்டு தட்டி எழும்புகிறான். அந்த இடத்தில் அனுசியாவும் எழும்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு படத்தில் வேப்பமரமும் வானமும்தான். நேரம் முடிந்ததும் அடிக்கும் சைரன்கூடக் கேட்கவில்லை. அவள் கத்தியதுதான் கேட்டது.

பந்து கூடைக்குள் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஓடிப்போய் கௌதமைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவனுடைய அப்பா வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்தார். மகன் கல்லூரிக்கு ஆடிய நாலு வருஷத்தில் அவர் ஆட்டம் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. தென்னந்தோப்பில் தேங்காய் வெட்டு நாள் என்று சொல்லிச் சொல்லியே வராமல் இருந்தவர், வேலியோரம் நின்று கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார்.

அதன் பிறகுதான் நடுவர் இரண்டு கையையும் குறுக்கே வீசினார். செல்லாது. பந்து கையை விடுமுன்பே நேரம் முடிந்துவிட்டது.

கௌதமின் அப்பா மகனிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார்.

"கண்ணு தெரியாத ஆளெல்லாம் ரெப்ரி," என்று பின்னால் ஒருவன் ஆரம்பித்தான். அவ்வளவுதான், ஆளாளுக்கு நடுவரைத் திட்டத் தொடங்கினார்கள். அவர் வேண்டுமென்றே செய்தார் என்றார்கள். எதிரணிக்காரனுக்குச் சொந்தக்காரர் என்றுகூட ஒருவன் சொன்னான்.

ரியாஸ் முன்பு அணியில் இருந்தவன். போன வருஷம் முட்டி போனதோடு ஆட்டம் நின்றுவிட்டது. அணியை விட்டு விலக மனமில்லாமல் கடிகாரம் இயக்கக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு இறுதி ஆட்டத்துக்கு அணிக்கு ஒருவரை நடுவர் மேசையில் உட்காரச் சொன்னார்கள். எதிரணிப் பையன் புள்ளி எழுதினான். ரியாஸ் கடிகாரம் பார்த்தான்.

மேசையில் இருப்பவன் கை தட்டக் கூடாது. கௌதம் ஒவ்வொரு கூடை போட்டபோதும் ரியாஸ் மேசைக்கு அடியில் கால்விரல்களை மடக்கிக்கொண்டான்.

சோலைராஜ் எழுந்து வந்து அவன் இருக்கையில் சாய்ந்தான். ரசிகர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஏலே ரியாசு, நீ மேசையிலதான இருந்த? அந்தாளுகிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்."

"சொல்லியுமா?"

ரியாஸ் வெளியே பார்த்தான். வெயிலில் ஒரு நூற்பாலையின் நீளமான மதில் போய்க்கொண்டே இருந்தது.

"கேட்டியளால, நம்ம ரியாசு சொல்லியும் அந்தாளு கேக்கல," என்று சோலைராஜ் பின்னால் பார்த்துச் சொன்னான். யாரோ எட்டி ரியாஸின் முதுகில் தட்டினார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு அடுத்த வருஷத்துக்குப் போனது. கூமாப்பட்டியிலிருந்து ஒரு பையன் சேரப்போகிறானாம், ஆறடி மூன்று அங்குலம், இடது கைக்காரன். அவனை நடுவில் நிறுத்தினால் இன்றைக்கு ஜெயித்த மதுரைக்காரன் பக்கத்திலேயே வர மாட்டான். ஐந்து பேர் யார் யார் என்று விரல் விட்டு எண்ணினார்கள். யாரோ மேளத்தை வெளியே இழுத்தார்கள்.

எண்ணியதில் கௌதமின் பெயர் இல்லை. நாலாம் ஆண்டுக்காரர்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

திருவில்லிபுத்தூர் வந்தது. ரியாஸின் வீடு அங்கேதான். எழுந்தவனின் கையைச் சோலைராஜ் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த வருசமும் மேசைக்கு நீதாம்ல. நம்ம ஆளு ஒருத்தன் அங்கன இருந்தா அது ஒரு தெம்பு."

ரியாஸ் தலையாட்டினான்.

இறங்குமுன் கௌதமின் இருக்கை அருகே நின்றான். "வாரேண்ணே."

கௌதம் துண்டை விலக்கி நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. எதையோ கேட்கப் போகிறவன்போல இவன் முகத்தையே பார்த்தான். பின்னால் நின்ற லாரி ஒலி எழுப்பியது. ரியாஸ் இறங்கிவிட்டான்.

பேருந்து கிருஷ்ணன்கோவில் சாலையில் போனது. மேளச்சத்தம் தேய்ந்து மறையும்வரை அவன் அதே இடத்தில் நின்றான். அப்புறமும் நின்றான்.

கடிகாரத்தின் மூன்று சுழியங்களையும், கௌதமின் விரல்களில் இருந்த பந்தையும் அவன் ஒரே பார்வையில் கண்டிருந்தான். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தபோது நடுவர் மேசைக்கு வந்து குனிந்தார். அவர் முகமெல்லாம் வியர்வை.

"எனக்கு ஆளு மறைச்சிருச்சு தம்பி. நீ சொல்றதுதான் முடிவு."

ரியாஸ் திரும்பிப் பார்த்தான். கௌதம் எல்லோர் தோளுக்கும் மேலே இருந்தான். வேலிப் பக்கம் அப்பாவைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான்.

"சைரன் அடிக்கும்போது பந்து அண்ணன் கையிலதான் சார் இருந்துச்சு," என்றான் ரியாஸ்.